இங்கிலாந்தில் அரசுப் பள்ளி இடத்துக்கு யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

2024 ஆகஸ்டில் மதுரையிலிருந்து கிழக்கு லண்டனுக்கு வந்தோம். நான் நர்ஸ். வந்த மறுவாரமே டியூட்டி தொடங்கிவிட்டது. மகளுக்கு ஏழு வயது, ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். செப்டம்பர் முதல் வாரத்தில் இங்கே பள்ளி திறந்துவிடும் என்றார்கள். வாடகைக்கு வீடு இன்னும் அமையவில்லை, தெரிந்தவர் வீட்டில் ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம்.

மளிகை வாங்கப் போன தமிழ்க் கடையின் சுவரில் ஒரு நோட்டீஸ். பள்ளிச் சேர்க்கைக்கு உதவி, தமிழிலேயே பேசலாம் என்று இருந்தது. போன் செய்தேன். நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர்தான். "சிஸ்டர், கவலையே படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த நிலைமையில் அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று, புதிதாக வந்து இறங்கியவர்களுக்குத்தான் புரியும்.

முதலில் விண்ணப்பக் கட்டணம் 300 பவுண்ட் என்றார். பிறகு நல்ல பள்ளியில் சீட்டைப் பிடித்து வைக்க 180 பவுண்ட் டெபாசிட், திரும்பக் கிடைத்துவிடுமாம். மதியச் சாப்பாட்டுப் பதிவுக்கு இன்னொரு 40. ஊரில் எல்கேஜிக்கே டொனேஷன் கட்டிச் சேர்த்தவர்கள் நாங்கள். பள்ளி என்றால் பணம் கட்டத்தான் வேண்டும் என்று மனதில் ஊறிப் போயிருந்ததால் சந்தேகமே வரவில்லை. மொத்தம் 520 பவுண்டை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம்.

நாமே விண்ணப்பித்தால் என்ன என்று கணவர் ஒரு முறை கேட்டார். அதற்கு அந்த நோட்டீஸ்காரர் சொன்ன பதில்தான் எங்களைக் கட்டிப் போட்டது. எங்கள் விசாவில் அரசின் பொது நிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, நேரடியாக அரசுப் பள்ளிக்குப் போனால் விசாவுக்கே சிக்கல் வரும் என்றார். இது முழுப் பொய். அந்த நிபந்தனை சில வகை உதவித்தொகைகளுக்கும் அரசு வீட்டு வசதிக்கும் உரியது. அரசுப் பள்ளிக் கல்வி அதில் வராது. வேலை விசாவில் வந்தவரோடு வாழும் குழந்தை தாராளமாக அரசுப் பள்ளியில் படிக்கலாம்.

செப்டம்பர் நடுவில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மகள் அன்றே சீருடை வாங்கச் சொன்னாள், வாங்கினோம். அடுத்த வாரம் பள்ளியில் முகவரிச் சான்று கேட்டார்கள். அப்போதுதான் படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்தேன். நாங்கள் ஒரு நாள்கூட இருந்திராத வீடு! அந்தப் பள்ளிக்கு மூன்று தெரு தள்ளி யாருடையதோ. இங்கே பல பள்ளிகளில் போட்டி வந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் இடம் முடிவாகும். அதனால் பொய் முகவரி போட்டிருக்கிறார். அப்படி வாங்கிய இடத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு விதி இருக்கிறது, பெற்றுக்கொண்டார்கள். பொய் சொன்னவர்கள் என்று தாளில் நின்றது எங்கள் பெயர்.

அவரைக் கேட்டால், வெயிட்டிங் லிஸ்டில் மேலே ஏற்றிவிடுகிறேன், இன்னும் 150 கொடுங்கள் என்றார். அதுவும் நடக்காத காரியம். அந்தப் பட்டியல் யார் முதலில் கேட்டார்கள் என்பதையோ, யாருக்கு யாரைத் தெரியும் என்பதையோ பார்க்காது. பள்ளி அறிவித்திருக்கும் முன்னுரிமைப்படிதான் வரிசை.

மகள் ஏழு வாரம் அறைக்குள்ளேயே இருந்தாள். காலையில் மற்ற பிள்ளைகள் சீருடையில் போவதை ஜன்னல் வழியே பார்ப்பாள். நைட் ஷிப்ட் முடித்து நான் வரும்போது, "அம்மா, நாளைக்குப் போலாமா?" என்பாள். 520 பவுண்டைவிட இதற்குத்தான் எனக்கு அந்த மனிதர் மேல் ஆறாத கோபம்.

வழி காட்டியவர் பூங்காவில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. "ஏன் தங்கச்சி காசு குடுத்தனீங்கள்? இஞ்ச பள்ளிக்கூடம் சும்மாதானே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் எங்களுக்கு வீடு அமைந்திருந்தது. அவரே பக்கத்தில் உட்கார்ந்து கவுன்சில், அதாவது உள்ளாட்சி அமைப்பின், இணையதளத்தில் படிவத்தை நிரப்ப வைத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் பில்லும் கொடுத்தோம். எட்டாவது பள்ளி நாளில் பதில் வந்தது. சில ஊர்களில் கவுன்சிலிடமும், சில இடங்களில் பள்ளியிடமே நேராகவும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், கவுன்சிலைக் கேட்டால் சொல்வார்கள். ஆண்டின் நடுவே சேருகிறவர்களுக்கு 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் முடிவு சொல்லியாக வேண்டும் என்று அரசின் 2021 பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பில் இருக்கிறது. இடம் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

அதே விதித்தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. சேர்க்கையின் எந்தக் கட்டத்திலும் அரசுப் பள்ளி நன்கொடையோ டெபாசிட்டோ கேட்கக்கூடாது, திரும்பத் தருவதாகச் சொன்னாலும்கூட. ஆகவே 'சீட் டெபாசிட்' என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். சாதாரணத் தொடக்கப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று பிறந்த தேதியை வைத்து வகுப்பு முடிவாகும். 2016 டிசம்பரில் பிறந்த எங்கள் மகளுக்கு இயர் 3. சாப்பாட்டுக்கு என்று வாங்கிய 40 பவுண்டையும் சொல்லிவிடுகிறேன்: லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம்.

அக்டோபர் இறுதி விடுமுறை முடிந்து நவம்பரில் மகள் பள்ளிக்குப் போனாள். முதலில் வாங்கிய சீருடை வேறு நிறம், அதை அந்த அக்காவின் உறவுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம்.

பணம் திரும்பவில்லை. வாட்ஸாப்பில் எங்களை பிளாக் செய்துவிட்டார். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையைக் கார்டு நிறுவனத்திடமே கேட்கச் சட்டம் உண்டு, நாங்கள் அனுப்பியதோ வங்கிப் பரிமாற்றம். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் மூவரின் பாஸ்போர்ட் நகலும் மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் இன்னும் அவர் கையில்தான் இருக்கின்றன. அந்த நோட்டீஸைக் கடைக்காரரிடம் சொல்லிக் கிழிக்க வைத்தேன். போன வாரம் வேறொரு கடையில் அதே எழுத்தில், வேறு எண்ணோடு பார்த்தேன்.