1,644 ரூபாய்க்கு ஒரு கனவு முத்தம்

கே ரொமான்ஸ் (ஆணும் ஆணும் காதலிக்கிற கதை) படிப்பவர்கள், அதிலும் கடத்தல், மிரட்டல் எல்லாம் வருகிற டார்க் வகை, அதிலும் காதல் மெதுவாகக் கனிகிற ஸ்லோ பர்ன் என்று போட்டிருந்தால் யோசிக்காமல் உள்ளே போய்விடுகிற என்னைப் போன்றவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அத்தியாயத்துக்கு இத்தனை காயின் என்று வசூலிக்கிற ஒரு கதை ஆப்பில் இரண்டு மாதத்தில் 1,644 ரூபாயை விட்டேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற ஆப் ஏகப்பட்டது இருக்கிறது, ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்றில் மாட்டுவீர்கள்.

விளம்பரத்தில்தான் பார்த்தேன். பிரான்ஸில் மார்செய் துறைமுகத்துக் கடத்தல் கும்பல் தலைவன் ஒருவன், தன் ஆட்களின் குண்டுக்காயங்களுக்குத் தையல் போட ஒரு டாக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அடைத்து வைக்கிறான். முதல் 15 அத்தியாயம் இலவசம். அந்தப் பதினைந்தும் நன்றாக இருந்தன, வினையே அதுதான். 12வது அத்தியாயத்தில் தலைவனுக்கே தோளில் வெட்டு. டாக்டர் தையல் போட்டு முடித்ததும் அவன் அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறான். டாக்டர் சாவியை எடுக்கிறான், கதவு வரை போகிறான், திரும்பி வந்து தோளில் போட்ட கட்டு ரத்தத்தில் ஊறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறான். தொடக்கூட இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

எனக்கு இந்த வகை பிடிப்பதே இதற்காகத்தான். சாதாரணக் காதல் கதையில் இரண்டு பேரும் மூன்றாவது அத்தியாயத்தில் சேர்ந்தால் என்ன, முப்பதாவதில் சேர்ந்தால் என்ன. டார்க் கதையில் ஒருத்தன் கையில் துப்பாக்கியும் சாவியும் இருக்கிறது, இன்னொருத்தன் கையில் ஒன்றுமே இல்லை, அவர்கள் சட்டென்று சேர்ந்துவிட்டால் அதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாவி கை மாற வேண்டும், பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிய வேண்டும், ஒருத்தன் முடியாது என்று சொல்லி மற்றவன் அதைக் கேட்டுக்கொள்கிற இடம் ஒன்றாவது வர வேண்டும், அதற்கெல்லாம் பக்கம் பிடிக்கும். அப்புறம், நம்மில் பலருக்கு நிஜத்திலும் இப்படித்தானே. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவன் நம்ம ஆளா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆகிவிடுகிறது. அந்தத் தயக்கத்தை ஒருவர் பொறுமையாக எழுதினால் விட மனசு வருமா?

அந்த மனசைத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 100 காயின் 89 ரூபாய். 16வது அத்தியாயத்திலிருந்து ஒன்றுக்கு 8 காயின், 100 தாண்டியதும் 14 காயின். அத்தியாயமோ சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எங்கள் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வைக்கிற ஆள், ‘தொடரும்’ எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் ‘தொடரும்’ மேல் பூட்டுப் படம் கிடையாது.

கதையில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. நெருங்குவார்கள், போன் அடிக்கும். நெருங்குவார்கள், வெளியே சுடும் சத்தம். போன் மட்டும் 60 அத்தியாயத்தில் ஒன்பது தடவை அடித்தது, எண்ணினேன். சிம்மில் வைத்துச் சமைப்பது வேறு, அடுப்பே பற்றவைக்காமல் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார வைப்பது வேறு. 12ல் சாவியை எடுத்துக் கதவு வரை போனவன் 90ல் மறுபடி முதல்நாள் மாதிரி நடுங்குகிறான், இடையில் நடந்த எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

118ல்தான் எனக்கு உறைத்தது. கதை இங்கிலீஷில், அதில் டாக்டர் நான்கு வரிக்கு ‘ஹி’யிலிருந்து ‘ஷி’ ஆகிவிட்டான். இரண்டு பக்கம் தள்ளி, மார்செய் கிடங்குக்குள் ‘இளவரசர்’ ஒருவர் வந்து தேநீர் கேட்கிறார்! ஏதோ ஒரு சீன அரண்மனைக் கதையை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சீனத்தில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சகஜம், அவனா அவளா என்று மொழிபெயர்க்கிற மெஷின் குத்துமதிப்பாகப் போட்டுவிடும். அப்படியும் நிறுத்தாமல் 150 வரை போனது என் புத்தி, அதை யார் தலையிலும் கட்ட முடியாது. முற்றுப்பெற்றது என்று போட்டிருந்த கதை 150ல் ‘முதல் பாகம் முடிந்தது’ என்றது. அதில் ஒரு முத்தம் வந்தது. டாக்டரின் கனவில்.

100 காயின் பேக் 14, மொத்தம் 1,246 ரூபாய். ஏழு நாள் இலவசம் என்று நம்பி அழுத்திய விஐபி சந்தா, தானாகப் பணம் பிடிக்கிற ஆட்டோபேயில் இரண்டு தடவை 199. ஆப்பை அழித்தால் இது நிற்காது, உங்கள் யூபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். முதல் மாதம் ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் (அப்புறம் திரும்பவும் ஏற்றிக்கொண்டேன், சிரிக்காதீர்கள்), 199 அது பாட்டுக்குப் போனது. பணத்தைக் கேட்டதற்கு டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று ஒரே வரி பதில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன், எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணம் போனதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நோட்டிஃபிகேஷன். ஞாயிற்றுக்கிழமை அம்மா என் போனில் அத்தையோடு பேசி முடித்துவிட்டு, “டேய், ‘அவனுடைய கைதி உனக்காகக் காத்திருக்கிறான்’னு இங்கிலீஷ்ல ஏதோ வருதுடா, சட்டை போடாம ரெண்டு பசங்க படம் வேற” என்று நீட்டினார். கேம் விளம்பரம் என்று சமாளித்தேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது, எங்கள் வீட்டு ஹாலுக்குத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் வீடும் அப்படியென்றால், ஆப்பை ஏற்றிய கையோடு நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

காசு போடுவதற்கு முன்னால் மொத்தம் எத்தனை அத்தியாயம், எத்தனை வார்த்தை என்று பாருங்கள், சொல்லவில்லை என்றால் தொடாதீர்கள். தன்னார்வலர்கள் நடத்துகிற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற கதைத் தளத்தில் பைசா வாங்காத கதைக்கே வார்த்தை எண்ணிக்கை, 12/30 என்று அத்தியாயக் கணக்கு, என்னென்ன கொடுமை உள்ளே இருக்கிறது என்ற எச்சரிக்கை எல்லாம் மேலேயே போட்டிருக்கும்.

ஒரு உதவி. அந்த முதல் 15 அத்தியாயத்தை எழுதியவர் வேறு யாரோ, எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கிருந்தோ திருடியிருக்கிறார்கள். மேசைமேல் சாவி, கட்டு, திரும்பி வருகிற டாக்டர். அசலை எங்கேயாவது படித்த ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். அவன் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்தானா, வைத்துக்கொண்டானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.