டர்பனில் ஒரு ஸ்கேன் பிரிவு: வேலை சுத்தம், கவுன்டர்தான் பொறுமையைச் சோதிக்கிறது

சாட்ஸ்வொர்த்திலிருந்து அம்மாவை டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் உட்பக்கம் லேசாகப் புடைத்த மாதிரிதான் தெரிந்தது, மேலாகக் கிள்ளி எடுத்த திசுவிலும் ஒன்றும் இல்லை. ஜிஸ்ட் என்ற இந்த அரிய கட்டி உட்சவ்வில் வராமல் சுவரின் தசைக்குள் வளர்வதால் அப்படி ஏமாற்றுமாம். டை ஏற்றி எடுத்த சிடி ஸ்கேன், அப்புறம் எண்டோஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து ஊசியால் திசு எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு அம்மாவிடம் அவ்வளவு பொறுமை!

இப்போது தினமும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை, சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன். மறு ஸ்கேனில் அளவு அப்படியே இருக்கிறதே என்று பதறினேன். கட்டியின் அடர்த்தி குறைவதும் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம்தான் என்று டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், அது ஒன்றுதான் அம்மாவுக்குத் தொந்தரவு.

குறை? மெடிக்கல் எய்ட் (இங்கே மருத்துவக் காப்பீடு) அனுமதிக்கு ஒரே படிவத்தை மூன்று தடவை நிரப்ப வைத்தார்கள். பார்க்கிங்கும் மோசம், ஏழு மணிக்கே போய்விடுங்கள்.