குரங்கணி ட்ரெக்னு 14 பேர்ட்ட காசு வாங்கிட்டு காட்டுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாய்ங்க, புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மக்களே கொஞ்சம் பெரிய பதிவுதான், பொறுமையா படிங்க. காலேஜ் க்ரூப்பா எங்கயாச்சும் ட்ரெக் போலாம்னு ப்ளான் போட்டுட்டு இருக்கவங்க உங்க ஃப்ரெண்ட்ஸ்ல இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க. நாங்க மதுரைல ஃபைனல் இயர், மொத்தம் 14 பேர், அதுல 5 பேர் பொண்ணுங்க. டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்ச கையோட போடி பக்கத்துல இருக்க குரங்கணில இருந்து மேல மூணாறு பக்கம் இருக்க டாப் ஸ்டேஷனுக்கு ஏறலாம்னு கிளம்புனோம். ஆர்கனைசர் பேரை இங்க போடல, கம்ப்ளெய்ன்ட் குடுத்துருக்கோம், அது நடந்துட்டு இருக்கு. ஆனா எப்படி ஏமாத்துனாய்ங்கன்றதை முழுசா சொல்லிர்றேன், ஏன்னா இதே மாதிரி வேற பேர்ல நிறைய பேர் பண்ணிட்டு இருக்காய்ங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

எல்லாம் ரீல்ஸ்ல ஆரம்பிச்சதுதான். மேகத்துக்கு மேல டென்ட், காலைல சூரிய உதயம், பின்னாடி பாட்டு. மெசேஜ் பண்ணதும் அஞ்சு நிமிஷத்துல ரிப்ளை. ஆளுக்கு 2,800, ஃபாரஸ்ட் பெர்மிஷன், ட்ரெய்னிங் எடுத்த ரெண்டு கைடு, மூணு வேளை சாப்பாடு, டென்ட், ஃபர்ஸ்ட் எய்டு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துதான்னு சொன்னாரு. எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி பெர்மிஷன் லெட்டரைக் காட்டுங்கன்னு கேட்டா, உடனே ஒரு போட்டோ வந்துச்சு, வனத்துறை முத்திரையோட ஒரு கடிதம், கீழ கையெழுத்து. போன்ல பார்க்கறப்ப சரியாதான் இருந்துச்சு, நாங்களும் பெருசு பண்ணிப் பார்க்கல. 39,200 ரூபாயும் முன்னாடியே ஜிபேல அனுப்பச் சொன்னாரு, நம்பர் போட்டா வர்ற பேரு அவரோட பேரும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல, யாரோ ஒரு லேடி பேரு. கேட்டதுக்கு அக்கவுன்ட்ஸ் பார்க்கறவங்கன்னு சொன்னாரு. அங்கேயே நிறுத்திருக்கணும்.

மதுரைல இருந்து போடி ட்ரெய்ன்ல போய் அங்கருந்து பஸ்ல குரங்கணி. அந்த ரூட்டை நாங்க செலக்ட் பண்ணதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க க்ரூப்ல ஒருத்தனுக்கு பழைய ரயில், ரோப்வே விஷயம்னா உயிரு. வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு டீத்தூளை மேல டாப் ஸ்டேஷன் வரைக்கும் குட்டி ரயில்ல கொண்டு வந்து அங்கருந்து ரோப்வேல கீழ கொட்டகுடிக்கு இறக்குவாங்களாம், அதனாலதான் மேல இருக்கது டாப் ஸ்டேஷன், நடுவுல இருக்கது சென்ட்ரல் ஸ்டேஷன். 1924 வெள்ளத்துல அந்த ரயில் லைனே போயிருச்சு. மிச்சம் மீதி எதாச்சும் தெரியுதான்னு பார்க்கணும்னு அவன் ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தான், கடைசில ஒண்ணுகூட பார்க்கல.

சாயந்தரம் போய் இறங்குனா ஆர்கனைசர் வரல. "எனக்கு வேற பேட்ச் இருக்கு தம்பி, கைடு வருவாரு" அப்படின்னு போன்ல சொல்லிட்டாரு. வந்தது ரெண்டு கைடு இல்ல, ஒரே ஒரு பையன், எங்களை விட ஒண்ணு ரெண்டு வயசு கூட இருக்கலாம். காட்டு ஷூகூட போடல, செருப்பு. "அண்ணே இந்த ரூட்ல எத்தனை தடவை போயிருக்கீங்க"ன்னு கேட்டோம், நிறைய தடவைன்னு சொன்னான். ராத்திரி பேச்சுவாக்குல போன வருஷம் ஒரு தடவை வந்தேன்னு அவன் வாய்லயே வந்துருச்சு. ஃபர்ஸ்ட் எய்டுன்னு கேட்டதுக்கு ஒரு பேன்ட் எய்ட் பாக்கெட்டும் ஒரு வலி ஸ்ப்ரேயும் காட்டுனான். அவன் மேல எனக்கு இப்ப பெரிய கோவம் இல்ல, அவனுக்கு அன்னைக்கு 700 ரூபா சம்பளம்னு சொன்னான். கோவம் எல்லாம் அவனை அனுப்புன ஆள் மேலதான்.

காலைல நாலரைக்கு எழுப்பி விட்டான். இருட்டுல கிளம்பணும், செக்போஸ்ட்ல நின்னா டைம் போயிரும், குறுக்கு வழி இருக்குன்னு ரோட்டை விட்டு இறக்கி ஒரு இலவமரத் தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போனான். டார்ச்சைக் கீழ பிடிங்க, சத்தம் போடாதீங்கன்னான். பெர்மிஷன்தான் இருக்கே அப்புறம் எதுக்கு சத்தம் போடக் கூடாதுன்னு எனக்கு மனசுல ஓடுச்சு, கேட்கல. 14 பேர் படிச்ச பசங்க, ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேட்கல, எல்லாரும் தூக்கக் கலக்கத்துல, ஜாலியா இருக்கட்டும்னு விட்டுட்டோம். விடியறப்ப தோப்பு தாண்டி ஒரு பாறை மேல நிக்க வச்சு அவன் போன்ல க்ரூப் போட்டோ எடுத்தான், எல்லாரும் சிரிச்சுட்டு நின்னோம்.

ரோட்டுப் பக்கம் திரும்பி சேர்ந்துருவோம்னு சொன்னான், சேரவே இல்ல. ஒத்தையடிப் பாதை மாதிரி ஒண்ணு போகுது, அதுல ஏறிட்டே இருக்கோம், அப்புறம்தான் புரிஞ்சது அது மனுஷன் நடக்கற பாதை இல்ல, காட்டுமாடு போற தடம். சாணி அங்கங்க கிடக்கு, சிலது ஈரமா இருக்கு. மழை முடிஞ்ச நேரம், மண்ணு வழுக்குது, நிழல்ல நின்னா அட்டை கால்ல ஏறுது, வெயில்ல வந்தா சுக்குநாறிப் புல்லு, அதான் லெமன்கிராஸ், ஆள் உயரத்துக்கு, முன்னாடி போறவன் ரெண்டடி தள்ளிப் போனா தெரிய மாட்டான், கை முகம் எல்லாம் கீறி விட்டுருச்சு. டென்ட்டை நாங்களேதான் தூக்கணும்னு காலைல சொன்னான், அதனால தண்ணி கம்மியா எடுத்துட்டு வந்தோம், ஆளுக்கு ஒரு லிட்டர், பதினோரு மணிக்கே தீர்ந்துருச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேட்டா ஒருக்கா இடது பக்கம் கையைக் காட்டுறான், கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டா வலது பக்கம்.

மதியம் ஒன்றரை இருக்கும், ஒரு பொண்ணு கால் கல்லுல மடங்கி விழுந்துட்டா. அஞ்சு நிமிஷத்துல கணுக்கால் வீங்கிருச்சு, ஊன முடியல. இன்னொருத்தனுக்கு தொடை பிடிச்சுகிட்டு உக்கார்ந்துட்டான், ஓஆர்எஸ்கூட இல்ல. கைடு பையன் பயந்துட்டான், முகத்துலயே தெரிஞ்சது. மூணு மணிக்கு "மேல போய் சிக்னல் பிடிச்சு ஆள் கூட்டிட்டு வரேன், இங்கயே இருங்க"ன்னு போனான், திரும்பி வரல. அடுத்த நாள்தான் தெரிஞ்சது, அவன் எப்படியோ கீழ இறங்கி போடிக்கு பஸ் ஏறிட்டான். 14 பேர் மலையில இருக்காங்கன்னு ஒருத்தர்ட்டகூட சொல்லல. இதை டைப் பண்றப்பகூட எனக்கு கை நடுங்குது.

போடிப் பக்க மலை கிழக்கு பார்த்த சரிவு, சூரியன் முகட்டுக்கு அந்தப் பக்கம் சீக்கிரமே போயிரும், டிசம்பர்ல நாலரைக்கே நிழல் விழுந்து குளிர ஆரம்பிச்சுருச்சு. பாதிப் பேர் கீழ ஓடைச் சத்தம் கேட்குது, ஓடையோடவே இறங்குனா ஊர் வந்துரும்னு சொன்னாங்க. நல்லவேளை என்சிசில இருந்த பையன் ஒருத்தன் கத்தியே சொல்லிட்டான், ஓடை எங்கயாவது அருவியா விழும், வழுக்குப் பாறைல இருட்டுல மாட்டுனா அவ்ளோதான், யாரும் பிரியக் கூடாது, எல்லாரும் இந்தப் பாறைலயே இருங்கன்னு. அவன் மட்டும் அன்னைக்கு அழுத்திச் சொல்லலைன்னா இந்தப் பதிவை எழுத நான் இருந்துருப்பனான்னு தெரியல. அவன்ட்ட ஒரு விசில் இருந்துச்சு, மூணு மூணு தடவையா ஊதுனான், கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூணு. 112 அடிச்சுப் பார்த்தோம், எந்த நெட்வொர்க்கும் எடுக்கல. ரெண்டு பொண்ணுங்க சத்தம் வராம அழுதுட்டு இருந்தாங்க, அவங்களுக்கு சொல்லக்கூட என்கிட்ட வார்த்தை இல்ல, நானும் எங்க அம்மாவை நினைச்சுட்டேதான் உக்கார்ந்துருந்தேன்.

அது காப்பிப் பழம் பறிக்கற சீசன், அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. பக்கத்து எஸ்டேட்ல வேலை முடிஞ்சு போயிட்டு இருந்தவங்களுக்கு விசில் கேட்டுருக்கு. ஆறரை இருக்கும், நல்லா இருட்டிருச்சு, கீழ இருந்து "யாருப்பா அது"ன்னு ஒரு குரல். ஒரு பெரியவரும் ரெண்டு அண்ணனுங்களும் டார்ச்சோட ஏறி வந்தாங்க. எங்களைப் பார்த்ததும் அவர் முதல்ல கேட்டது "பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்கிட்டு எதுக்குய்யா வந்தீக, பாதை அங்கிட்டுல்ல கிடக்கு". திட்டிக்கிட்டேதான் அந்தப் பொண்ணை முதுகுல தூக்கிட்டு இறங்குனாரு. அவங்க குடியிருப்புல கருப்பட்டிக் காப்பியும் சுடு கஞ்சியும் குடுத்து, போர்வை குடுத்து படுக்க வச்சாங்க. காசு குடுத்தோம், வாங்கல. ஐயா, உங்க பேரைக்கூட சரியா கேட்காம வந்துட்டோம், கண்டிப்பா திரும்ப வந்து பார்ப்போம்.

காலைல வனத்துறைக்காரங்க வந்தாங்க. அந்த பெர்மிஷன் லெட்டரைக் காட்டுனோம், ஃபாரஸ்டர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு போனை எங்க கைலயே குடுத்துட்டாரு. வேற தேதி, வேற க்ரூப்போட பழைய லெட்டர், தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் மட்டும் மாத்திருக்காய்ங்க, பெருசு பண்ணிப் பார்த்தா ஃபான்ட்டே வேற. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம நுழைஞ்சது தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம், ஏமாந்து போனோம்னு சொன்னாலும் உள்ள நின்னது நாங்கதான, அபராதம் கட்டிட்டுதான் வந்தோம். அதுல எனக்கு வருத்தம் இல்ல. அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் மனசுல நிக்குது, "உள்ள ஆள் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதேப்பா, தெரியாத ஆளை நாங்க எப்படித் தேடுறது". அந்த லெட்டர், செக்போஸ்ட் என்ட்ரி எல்லாம் ஃபார்மாலிட்டின்னுதான் அதுவரைக்கும் நினைச்சுட்டு இருந்தேன். நாம உள்ள போயிருக்கோம், சாயந்தரம் வெளிய வரணும்னு ஒருத்தர் நோட்டுல எழுதி வச்சுருந்தாதான் வரலைன்னா தேடுவாங்க.

அதே குரங்கணில 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத் தீல மாட்டி 23 பேர் இறந்து போனாங்க, நிறைய பேர் சின்ன வயசு, நம்மள மாதிரி லீவுக்கு மலை ஏறுனவங்க. நாங்க நின்ன அதே சுக்குநாறிப் புல்லு, உள்ள எண்ணெய் இருக்க புல்லு, மார்ச்ல காய்ஞ்சு நின்னா நெருப்பு ஓடுற வேகத்துக்கு மனுஷன் மலைச்சரிவுல ஓட முடியாது. அதுக்கு அப்புறம்தான் 2018லயே ட்ரெக்கிங்குக்குன்னு தனியா ரூல்ஸ் போட்டாங்க, ரூட்டை ஈஸி, நடுத்தரம், கஷ்டம்னு பிரிச்சு, மாவட்ட வன அலுவலர் அனுமதி இல்லாம போகக் கூடாதுன்னு. இதெல்லாம் எங்களுக்கு போறதுக்கு முன்னாடியே தெரியும்ன்றதுதான் கொடுமை, நியூஸ்ல பார்த்து வளர்ந்த பசங்கதான நாங்க.

இப்ப 2024 கடைசில இருந்து அரசே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 40 ரூட் திறந்துருக்காங்க, ஆன்லைன்ல நம்ம பேர்லயே புக் பண்ணலாம், கைடா வர்றது அந்தந்த மலை ஆளுங்க, குரங்கணில சாம்பலாறு ரூட்கூட அதுல இருக்கு. வெளி ஆர்கனைசர் மூலமா போறதா இருந்தா அவர் அனுப்புற போட்டோவை நம்பாதீங்க, லெட்டர்ல இருக்க தேதியையும் பேரையும் வச்சு அந்த மாவட்ட வன அலுவலகத்துக்கு நீங்களே போன் அடிச்சு கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை. பணம் போற பேரைப் பாருங்க. வீட்டுல ரூட்டு, திரும்பற நேரம், கைடு நம்பர் மூணையும் குடுத்துட்டுப் போங்க. கைடு செக்போஸ்ட்டைச் சுத்திப் போகலாம்னு சொன்னா அந்த இடத்துலயே நின்னுருங்க, குடுத்த காசு போனா போகட்டும்.

காசு விஷயத்துக்கு வரேன். திரும்பி வந்ததும் ஆர்கனைசருக்கு போன் போட்டா "நீங்கதான் கைடு பேச்சைக் கேட்காம வழி மாறிப் போனீங்க"ன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணுக்கு கணுக்கால் எலும்புல விரிசல், ஆறு வாரம் கட்டு, இன்சூரன்ஸ் நம்பர் கேட்டா பதிலே இல்ல, அப்படி ஒண்ணு எடுக்கவே இல்ல. மூணாவது நாள் எல்லார் நம்பரையும் ப்ளாக் பண்ணிட்டாரு. சைபர் க்ரைம் நம்பர் 1930ல புகார் பண்ணிருக்கோம், போலி லெட்டர் குடுத்ததுக்கு போலீஸ்ல தனியா குடுத்துருக்கோம், நுகர்வோர் ஆணையத்துலயும் போடப் போறோம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, நம்ம ஊர் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், உங்களுக்கும் இப்படி நடந்துருந்தா சாட், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க.

இவ்வளவு அவசரமா இதை இன்னைக்கு போடறதுக்குக் காரணம், நேத்து ராத்திரி ஜூனியர் ஒருத்தன் ஒரு போஸ்டரை அனுப்பி "அண்ணா இது நல்லாருக்குமா"ன்னு கேட்டான். அதே ஆளு, புது பேர்ல புது அக்கவுன்ட். பிப்ரவரி கடைசி வாரம் குரங்கணி பேட்ச், 20 சீட். தீ சீசன்னு 2025ல பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் வனத்துறை ட்ரெக் ரூட்டையெல்லாம் மூடிருந்தாங்க, அந்த மாசத்துலதான் இவர் ஆள் சேர்க்கறாரு. போஸ்டர்ல பாறை மேல சிரிச்சுட்டு நிக்கிற அந்த 14 பேரும் நாங்கதான்.