சீமெந்தில் சிரட்டைக் கரி: சில கச்சான் காலம் தாண்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதில் பூச்சு, முற்றத்துக் கல், கிணற்றடித் தளம் ஆகியவற்றுக்குக் கரித்தூள் கலந்த சீமெந்தை நம்பிப் பாவிக்கலாம். தூண், பீம், கூரைத் தட்டுக்கு நான் கலக்கவில்லை. எங்கள் திருகோணமலை, கடற்காற்றில் கம்பி துருவேறும் ஊர். கம்பி வைத்த வேலையில் பொறியியலாளர் பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

இங்கே பூச்சுக்கு முதல் எதிரி கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுதான். ஆனி, ஆடியில் காலையில் பூசிய சுவர் மத்தியானத்துக்குள் வெளிறிவிடும். சீமெந்து இறுகத் தேவையான தண்ணீரைக் காற்று உறிஞ்சிவிட, மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். கரியின் பலன் இங்கேதான் தெரிகிறது. காற்றைக் குறைத்து எரித்த கரிக்குள் முழுக்க நுண்துளைகள். அவற்றில் நின்ற தண்ணீர், பூச்சுக் காயக் காய மெல்ல மெல்ல வெளியே வரும்.

உவர்மலையில் எங்கள் மதிலின் ஒரு பக்கத்தைக் கரி கலந்தும் மற்றப் பக்கத்தை வழமைபோலவும் பூசுவித்தேன். ஒரே மேசன், ஒரே மணல். வழமையான பக்கத்தில் வலைபோல் ஓடிய வெடிப்புகளில் மாரித் தண்ணீர் ஊறி, பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. கரிப் பக்கத்தில் கேற் தூணோடு ஒட்டிய மூலையில் மட்டும் ஒரு கீறல். நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாது.

"தம்பி, சுவர் கறுத்துப் போகுமே?" என்று மேசன் அண்ணை முதலில் தயங்கினார். கொஞ்சம் கறுக்கும்தான். பெயின்ற் அடித்தபின் வித்தியாசமே இல்லை.

அளவு, 50 கிலோ சீமெந்துக்கு 1 கிலோ கரி, அதாவது 2 வீதம். ஆய்வுகளிலும் சீமெந்துக்குப் பதிலாக இடும்போது 1, 2 வீதம்தான் பெரும்பாலும் நல்ல பலன் தந்திருக்கிறது. அதிகம் கூட்டினால் வலிமை இறங்கும். மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2023இல் கோப்பிச் சக்கையை 350 பாகையில் கரியாக்கி, 15 வீத மணலுக்குப் பதிலாக இட்டு, கொங்கிரீட்டின் வலிமையை ஏறத்தாழ 30 வீதம் கூட்டிக் காட்டியது. அது மணலுக்குப் பதிலாக இட்ட கணக்கு, சீமெந்துக்கு அப்படியே எடுக்கக்கூடாது.

கரியைச் சாக்கில் போட்டு இடித்து, அரித்து, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் கையில் பிடித்தால் ஈரமாக ஒட்ட வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. உலர்ந்த கரியைப் போட்டால் அது கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். வேலையாட்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், பூச்சுப் பலமிழக்கும். அரைகுறையாக எரிந்த சிரட்டையும் வேண்டாம், அதிலுள்ள தார் சீமெந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். அடுப்புச் சாம்பல் வேறு சாமான், அதைக் கரிக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

சூழலுக்கு எவ்வளவு நன்மை? ஒரு கிலோ காபன் காற்றில் கலந்தால் 3.67 கிலோ காபனீரொட்சைட்டாகும். நல்ல சிரட்டைக் கரியில் பெரும்பங்கு காபன்தான், அது சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பை சாதாரண சீமெந்து செய்ய 40 கிலோவளவில் வெளியேறுகிறது, சுண்ணக்கல்லைச் சுடுவதாலேயே பாதிக்கு மேல். ஆகவே இந்த அளவு கரி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஈடுசெய்யும். அதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

சிரட்டைக் கரியை இடிப்பதுதான் பெரும்பாடு. அதனால் முற்றத்துக் கல்லுக்குத் தம்பலகாமத்து ஆலை உமியைக் கரித்துப் போட்டோம். கையால் தேய்த்தாலே பொடியாகிறது. காபன் குறைவு, சிலிக்கா கூட. மோட்டார்சைக்கிள் ஏறி இறங்கும் இடத்திலும் விளிம்பு உடையவில்லை.