பனிப்பூவா, பனிமனிதனா? குரோஷாவில் முதலில் எதைப் பின்னலாம்

குளிர்கால அலங்காரம் பின்ன ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள்: தட்டையாகத் தொங்கும் ஆறு இதழ்ப் பனிப்பூ, அல்லது பஞ்சு அடைத்த குட்டிப் பனிமனிதன். பனிப்பூ சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் புதியவர்கள் அதில் தொடங்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்னல் சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஊசியைக் கீழே வைத்த பிறகும் பனிப்பூவில் பாதி வேலை மிச்சமிருக்கிறது.

பனிமனிதனுக்கு ஒரே ஒரு தையல் தெரிந்தால் போதும். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (அந்த ஒரே தையல் இதுதான்), அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று ஏற்றிக்கொண்டே போய், சில சுற்றுகள் ஏற்றாமல் பின்னி, மறுபடி குறைத்தால் உருண்டை தயார். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய வேறு நிற நூல் ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. தப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை. விட்டுப்போன ஒரு தையலை அடுத்த சுற்றில் கூட்டிவிடலாம், பஞ்சு அடைத்ததும் அது கண்ணுக்கே தெரியாது. நூல் சுற்றிய தாளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் 3 மி.மீ. எடுங்கள். பின்னல் இறுகி, உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது.

இதில் சிரமமான இடம் கழுத்துதான். தலையையும் உடலையும் தனித்தனியாகப் பின்னித் தைத்தால் தலை ஒரு பக்கம் சாயும். உடலை முழுக்க மூடாமல் கழுத்தில் 12 தையல் வரை குறைத்து, பஞ்சு அடைத்து, அங்கிருந்தே தலைக்கு ஏற்றிப் போவது எவ்வளவோ மேல். இடுக்கு மஃப்ளருக்குள் மறைந்துவிடும்.

பனிப்பூவில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வழக்கமாக 10-ஆம் எண் பருத்தி நூலும் 1.5 மி.மீ. ஸ்டீல் ஊசியும் எடுப்பார்கள். எண் கூடக் கூட நூல் மெலியும், 20, 30 எல்லாம் கைபழகியவர்களுக்கு. இடைவெளிகளால் ஆன பின்னல் இது. ஒரு சங்கிலித் தையல் குறைந்தாலும் பூவின் அந்தக் கை மட்டும் குட்டையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் சரியாக வந்த பனிப்பூவின் அழகுக்குப் பக்கத்தில் பனிமனிதன் நிற்க முடியாது.

எட்டு இதழ் மாதிரிகளும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் பூ என்று சொல்லலாம், பனிப்பூ என்று சொல்ல மனம் வரவில்லை. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும், அதனால்தான் பனித்துகளுக்கு ஆறு கைகள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்பவர் 1885-இல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி இவற்றைப் படமெடுக்கத் தொடங்கி, வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். அந்தப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே, எந்தக் கையில் எத்தனை கிளை வைக்கலாம் என்று நமக்கே தோன்ற ஆரம்பிக்கும்.

சரி, அந்த மிச்ச வேலைக்கு வருவோம். ஊசியிலிருந்து இறங்கும் பனிப்பூ சுருங்கிப்போன ஒரு முடிச்சு மாதிரிதான் இருக்கும். விறைப்பாக்கினால்தான் வடிவம் வெளியே வரும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. சர்க்கரைப் பாகு நன்றாக விறைக்கும். ஆனால் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், எறும்பையும் கூப்பிடும், எனக்கு வேண்டாம். சோளமாவுக் கஞ்சி மென்மையான, இயல்பான விறைப்பைத் தரும். அழுக்கானால் துவைத்துவிட்டு மறுபடி போடலாம், ஈரமான நாட்களில் மட்டும் கைகள் தொய்யும். வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து நனைப்பது மூன்றிலும் உறுதியானது, காய்ந்தால் நிறமும் தெரியாது. கெட்டியாகக் கரைத்தால் சின்னத் துளைகள் அடைந்துபோகும், எனவே நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். வருடா வருடம் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் பசையே என் தேர்வு.

எதில் நனைத்தாலும் குண்டூசி குத்தாமல் பயனில்லை. தெர்மோகோல் பலகையில் 60 டிகிரி இடைவெளியில் ஆறு கோடுகள் வரைந்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, முதலில் ஆறு நுனிகளையும் பிறகு இடைப்பட்ட பள்ளங்களையும் இழுத்துக் குத்துங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும், வெள்ளை நூலில் துருக்கறை போகாது. ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

நூலை மாற்றி எடுத்துவிடக் கூடாது. பருத்தி தண்ணீரை உறிஞ்சும், கஞ்சி இழைக்குள் இறங்கும். அக்ரிலிக் அவ்வளவாக உறிஞ்சாது, கஞ்சி மேலேயே நிற்கும். சூடான இஸ்திரி பட்டால் துவண்டுபோய் பழைய நிலைக்குத் திரும்பாது. பனிமனிதனுக்கு அதே அக்ரிலிக் அருமையாகப் பொருந்தும். எடை குறைவு, துவைக்கச் சுலபம்.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பனிமனிதனுக்குப் பிளாஸ்டிக் கண்ணோ மணியோ வைக்காமல் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். எடுத்து வைக்கும்போது பனிப்பூக்கள் இரண்டு தாள்களுக்கு நடுவே அடங்கிவிடும், பனிமனிதனுக்குப் பெட்டி வேண்டும்.

முதல்முறை ஊசி பிடிப்பவர்களுக்கு என் சிபாரிசு பனிமனிதன். அப்புறம் கொஞ்சம் தடிமனான பருத்தி நூலில் ஒரு பனிப்பூ பின்னிக் கணக்கைப் பழகிக்கொண்டு, 10-ஆம் எண்ணுக்குப் போகலாம். ஒரு மரம் நிறையவோ ஜன்னல் நிறையவோ தொங்கவிட வேண்டும் என்றால் பனிப்பூதான்: கிடைக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகப் பின்னிச் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பசையில் நனைத்துக் குத்திவிடலாம்.