ஆர் பொதிகளைப் புதுப்பித்தல்: நடுவழியில் நின்றுபோனால் எந்த முறை காப்பாற்றும்?

கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், மழைக்கால மாலை ஒன்றில், பல்கலைக்கழக இறுதியாண்டுப் பிள்ளை ஒருத்தி மடிக்கணினியை மடியில் வைத்தபடி அழும் நிலையில் இருந்தாள். வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகளைச் சிவப்பில் காட்டும் வரைபடம்தான் ஆய்வின் உயிர். அதைப் போடுவது ஆர் (R) என்னும் புள்ளிவிவரக் கணினி மொழி; அதனோடு சேர்த்து நிறுவும் நிரல் தொகுப்புகளே பொதிகள். சமர்ப்பிக்க ஒன்பது நாட்கள் இருந்தன.

"அக்கா, நேற்றிரவு எல்லாப் பொதிகளையும் புதுப்பித்தேன். இன்று ஒன்றுமே திறக்கவில்லை."

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: மற்றப் பல பொதிகள் நம்பியிருக்கும் 'ஆர்லாங்' (rlang) பொதியின் 1.0.6 பதிப்பு ஏற்றப்படுகிறது, ஆனால் 1.1.0 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை. நேற்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோதே புதுப்பிப்பையும் ஓடவிட்டிருக்கிறாள். பாதி வழியில் மின்சாரம் போய்விட்டது. வீட்டு ரௌட்டர் அணைந்தது. மடிக்கணினி மட்டும் விழித்திருந்தது.

ஆர் மொழியில் பொதிகளைப் புதுப்பிக்கப் பல வழிகள் உண்டு. எது வேகம், எது எளிது என்று ஒப்பிடும் குறிப்புகள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் கேட்கும் கேள்வி வேறு: நடுவில் நின்றுபோனால் என் கணினி எந்த நிலையில் இருக்கும்? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு இடிமழை போதும். டேட்டா முடிந்துபோனாலும் போதும்.

இந்தக் கேள்வி முக்கியமாவதற்குக் காரணம் ஆர் பொதிகள் வாழும் இடத்தின் அமைப்பு. கிரான் எனப்படும் களஞ்சியம் 1997இல் தொடங்கியது; இன்று அதில் 20,000க்கு மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் எந்த நேரத்திலும் ஒரே ஒரு நடப்புப் பதிப்புத்தான். படம் வரையும் பொதியான 'ஜிஜிபிளொட்2'இன் இன்றைய பதிப்பு இன்றைய 'ஆர்லாங்'குடன் ஒத்துப்போகிறதா என்றுதான் அங்கே சோதிக்கிறார்கள். சென்ற ஆண்டின் ஒன்றும் இன்றைய ஒன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. ஆகவே முழுக்கப் பழையது நல்லது, முழுக்கப் புதியதும் நல்லது. பாதிப் புதியதுதான் நோய். விறாந்தையில் இருந்த கணினிக்கு வந்ததும் அதுதான்.

இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் புதுப்பித்தல்

'அப்டேட்.பெக்கேஜஸ்' என்ற ஒற்றைக் கட்டளை. ஆருடன் கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை, எல்லோருக்கும் முதலில் கற்பிக்கப்படுவதும் இதுதான். நடுவழிச் சோதனையில் மிக மோசமாகத் தோற்பதும் இதுதான்.

முதற் குறை, ஒரு பொதியைப் பதிவிறக்க முடியாவிட்டால் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு மற்றவற்றை நிறுவிக்கொண்டே போகும். நாற்பதில் முப்பத்தேழு புதிது, மூன்று பழையது என்று முடிந்திருக்கும். எச்சரிக்கை திரையில் எங்கோ மேலே ஓடி மறைந்திருக்கும். இதற்கு மின்வெட்டுக்கூட வேண்டாம். பதிவிறக்கத்துக்கு ஆர் காத்திருக்கும் இயல்பான நேரம் 60 விநாடிகள்தான். மெதுவான இணைப்பில் பெரிய பொதி ஒன்று அதற்குள் வந்து சேராது. 'ஒப்ஷன்ஸ்' கட்டளையில் 'டைம்அவுட்' அளவை 600 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

இரண்டாவது குறை விண்டோஸுக்கே உரியது. ஒரு பொதி ஏற்றப்பட்டிருக்கும்போது அதன் டிஎல்எல் என்ற நிரல் கோப்பை விண்டோஸ் இறுகப் பிடித்துக்கொள்ளும். அழிக்கவும் விடாது, மேலெழுதவும் விடாது. புதுப்பிப்போ பழையதை அகற்றிவிட்டுப் புதியதை வைக்கப் பார்க்கும். விளைவு, பாதி அழிந்த ஓர் உறை (folder). ஆரில் எழுதி ஓடவிடப் பயன்படும் செயலியான ஆர்ஸ்டூடியோ இதை அறிந்து, மீளத் தொடங்கிவிட்டுப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லியும் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், முன்பு சேமித்த வேலைவெளியோ (workspace) தொடக்கக் கோப்போ அந்தப் பொதியை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, தொகுக்க வேண்டிய மூல நிரலிலிருந்து நிறுவட்டுமா என்று ஆர் சில வேளைகளில் கேட்கும் கேள்வி. மாணவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். புதிய பதிப்பின் மூலம் கிரானுக்கு வந்துவிட்டது, விண்டோஸுக்கான ஆயத்தப் பதிப்பு இன்னும் கட்டப்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். மூலத்தைத் தொகுக்கும் கருவியான ஆர்டூல்ஸ் இல்லாத கணினியில் ஆம் என்பது தோல்வியில் முடியும். இல்லை என்றே சொல்லுங்கள்.

எனக்கு இந்த முறையில் நம்பிக்கை குறைவு. ஆனாலும் புதிய கணினியில், எந்த ஆய்வும் ஓடாத நேரத்தில், ஆர்ஸ்டூடியோவை மூடிவிட்டு வெறும் ஆரைத் திறந்து செய்தால் குறை சொல்ல இடமில்லை.

'பாக்' என்னும் பொதி

இதே வேலையைச் சற்று நிதானமாகச் செய்வது 'பாக்'. எதையும் தொடுவதற்கு முன் எது எந்தப் பதிப்புக்குப் போகிறது, எவ்வளவு பதிவிறக்கம் ஆகும் என்று பட்டியல் போட்டுக் காட்டிச் சம்மதம் கேட்கிறது. கைத்தொலைபேசியின் டேட்டாவில் வேலை செய்பவருக்கு அந்த அளவு தெரிவது பெரிய உதவி. ஒத்துவராத பதிப்புகள் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. பதிவிறக்கியதைச் சேமித்தும் வைக்கிறது. இணைப்பு அறுந்து மறுநாள் தொடர்ந்தால் முதலிலிருந்து இறக்கத் தேவையில்லை. லினக்ஸில் தேவைப்படும் முறைமை நூலகங்களையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

அன்றாடப் புதுப்பிப்புக்கு முதற் கட்டளையைவிட இதையே நான் விரும்புகிறேன். ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி கேட்டால் இதனிடம் விடை இல்லை. புதுப்பித்து முடித்தபின் வரைபடம் மாறிவிட்டால் நேற்றைய பதிப்புகள் எவை என்பது உங்களுக்கே நினைவிருந்தால்தான் உண்டு.

புதிய ஆர், வெறுமையான உறை

ஆரின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் ஏப்ரலில் வருகிறது: 4.3.0 2023 ஏப்ரலில், 4.4.0 2024 ஏப்ரலில், 4.5.0 2025 ஏப்ரலில். ஒவ்வொன்றுக்கும் பொதிகள் தனி உறையில் இருக்கும். புதிய ஆரை நிறுவியதும் "பொதிகள் எல்லாம் அழிந்துவிட்டன" என்று பதறுகிறார்கள். அழியவில்லை. பழைய உறையில் அப்படியே இருக்கின்றன. விண்டோஸில் பழைய ஆரும் பக்கத்திலேயே இருக்கும். ஆர்ஸ்டூடியோவின் பொது அமைப்புகளில் எந்த ஆர் வேண்டும் என்று தெரிவுசெய்யலாம்.

இதனால்தான் நடுவழிச் சோதனையில் இந்த முறை நன்றாகத் தேறுகிறது. மின்சாரம் போகட்டும், டேட்டா தீரட்டும். பழைய ஆரைத் திறந்து வேலையைத் தொடரலாம். பழைய உறையிலிருந்து பொதிகளைப் பிரதியெடுத்துப் புதியதில் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். பெயர்ப்பட்டியலை எடுத்து, புதிதாக நிறுவுங்கள். பட்டியலைப் பார்க்கும்போது பாதிப் பொதிகள் ஒரே ஒரு நாள் பயன்பட்டவை என்பது தெரியவரும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இந்த முறையை நான் வற்புறுத்தியே சொல்வேன். 4.2.0க்கு முந்திய ஆர், விண்டோஸில் தமிழ் எழுத்துகளைப் பல வேளைகளில் கோண அடைப்புக்குறிக்குள் எண் கோவைகளாகவே அச்சிட்டது. சங்கானை, சண்டிலிப்பாய் என்று அட்டவணையில் எழுதியிருந்தால் திரையில் வருவது ஒருங்குறி எண்களின் வரிசை. நான்கு ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் செலவழித்த நாட்கள் எனக்கு உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 முதல், புதிய விண்டோஸ் கணினிகளில், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கம் ஆனது. நம் எழுத்து நம் எழுத்தாகவே தெரிகிறது. எவ்வளவு டேட்டா செலவானாலும் இதற்காகப் புதிய ஆருக்கு மாறலாம்.

விலை என்னவென்றால் பழைய கோட். சிரேஷ்ட மாணவர்கள் கையளித்துவிட்டுப் போன கோட்டில், வரைபடத் தரவைக் கையாளும் 'ஆர்ஜிடால்' இருக்கும். அந்தப் பொதியும் 'ஆர்ஜியோஸ்', 'மேப்டூல்ஸ்' ஆகியவையும் 2023 அக்டோபரில் கிரானிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. புதிய ஆரில் அவற்றை வழக்கம்போல் நிறுவ முடியாது. இணையமும் கணினியும் பழுதில்லை, எத்தனை முறை முயன்றாலும் அதே விடைதான். அதே வேலையைச் செய்யும் 'எஸ்எஃப்', 'டெரா' ஆகிய பொதிகளுக்குக் கோட்டை மாற்றி எழுதுவதே வழி. 'ரீட்ஓஜிஆர்' இருந்த இடத்தில் 'எஸ்டி_ரீட்', 'எஸ்பிட்ரான்ஸ்ஃபோர்ம்' இருந்த இடத்தில் 'எஸ்டி_ட்ரான்ஸ்ஃபோர்ம்'.

ஆய்வுக்கு ஒரு பூட்டு: 'ஆர்என்வ்'

ஆர்ஸ்டூடியோவை உருவாக்கிய, இன்று பொசிட் என்ற பெயரிலுள்ள நிறுவனத்தின் ஆக்கம் இது. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனிப் பொதி உறை. எந்தப் பொதி எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்க ஒரு பூட்டுக் கோப்பு. 'இனிட்' தொடங்குகிறது, 'ஸ்னாப்ஷொட்' பதிகிறது, 'ரெஸ்டோர்' பதிந்த நிலைக்கு மீட்டுக்கொண்டுவருகிறது.

இதில் என்னைக் கவர்ந்தது, விளம்பரமில்லாமல் உள்ளே இருக்கும் ஓர் ஏற்பாடு. நிறுவும்போது எல்லாப் பொதிகளையும் முதலில் ஒரு தற்காலிக உறையில் வைக்கிறது. அத்தனையும் வந்து, அத்தனையும் நிறுவப்பட்ட பிறகே ஆய்வின் உறைக்கு மாற்றுகிறது. ஒன்று தவறினாலும் உங்கள் உறை தொடப்படாமல் பழையபடி இருக்கும். பாதிப் புதியது என்ற நிலைக்கே இடமில்லை.

டேட்டாவையும் வீணாக்குவதில்லை. ஒருமுறை நிறுவிய பதிப்பு கணினியின் பொதுச் சேமிப்பில் இருக்கும். இரண்டாவது ஆய்வு அதையே இணைத்துக்கொள்ளும்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஆரின் பதிப்பைக் குறித்துவைக்குமே தவிர, ஆரை நிறுவித் தராது. பழைய பதிப்புகள் கிரானின் ஆவணப் பகுதியில் மூலமாக மட்டுமே கிடைப்பதால், விண்டோஸில் மீட்கும்போது ஆர்டூல்ஸ் தேவைப்பட்டு மணிக்கணக்காகத் தொகுத்துக்கொண்டிருக்க நேரலாம். இதற்குத் தீர்வு பொசிட்டின் பொதுப் பொதிக் களஞ்சியம்: குறிப்பிட்ட ஒரு நாளில் கிரான் எப்படி இருந்ததோ அந்த நிலையை, ஆயத்தப் பதிப்புகளுடன், அங்கிருந்து எடுக்கலாம். மைக்ரோசொஃப்ட் நடத்திய இதையொத்த சேவை 2023 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் அந்த முகவரி இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

தொடாமலே விட்டுவிடுவது?

ஆய்வு முடியும்வரை புதுப்பிக்காமல் இருப்பது சோம்பல் அல்ல. பல வேளைகளில் அதுவே சரி. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படி இருக்க முடியாது. விண்டோஸுக்கான ஆயத்தப் பதிப்புகளைக் கிரான் நடப்பு ஆருக்கும் அதற்கு முந்தியதற்குமே தொடர்ந்து கட்டுகிறது. அதற்கும் பழைய ஆரில் புதிய பொதி ஒன்று கேட்டால், இந்த ஆர் பதிப்புக்கு அது இல்லை என்ற பதில் வரலாம்.

ஆய்வுகூடக் கணினிகளைப் பற்றி ஒரு சொல். அங்கே பொதுவாக இரண்டு உறைகள் இருக்கும்: நிர்வாகி நிறுவியது, உங்களுடையது. புதுப்பித்த பிறகும் பழைய பதிப்பே வருகிறதென்றால் 'லிப்பாத்ஸ்' கட்டளையைக் கொடுத்து எந்த உறை முதலில் நிற்கிறது என்று பாருங்கள். இணைப்பு மோசமான வீட்டுக்குப் பென்டிரைவில் கொண்டுபோகவும் முடியும். 'மினிகிரான்' என்ற பொதி, வேண்டியவற்றை அவற்றின் சார்புகளோடு சேர்த்து ஒரு சிறு களஞ்சியமாகவே இறக்கித் தருகிறது. இரு கணினிகளிலும் ஆர் ஒரே பதிப்பு வரிசையில் இருக்கவேண்டும், 4.4 என்றால் இரண்டிலும் 4.4. நாலு பேர் சேர்ந்து ஒருவரின் இணைப்பில் இறக்கினால் நாலு பேருக்கும் போதும்.

இனி விறாந்தைக்கு வருவோம். ஒன்பது நாளில் புதிய ஆருக்கு மாறி வரைபடக் கோட்டைத் திருத்துவதற்கு அவளுக்கு நேரம் இல்லை. "முதலில் திரையில் திறந்திருக்கும் எல்லாச் சன்னல்களையும் மூடும்" என்றேன். பிறகு பொதி உறையைத் திறந்தோம். 00லொக் என்று தொடங்கும் ஓர் உறை அநாதையாகக் கிடந்தது. தடைப்பட்ட நிறுவலின் எச்சம். அது இருக்கும்வரை நிறுவல் மறுபடி மறுபடி முட்டிக்கொள்ளும். அதை அழித்தோம். பாதி அழிந்த 'ஆர்லாங்' உறையையும் அழித்தோம். வேலைவெளியை ஏற்றாமல் வெறும் ஆரைத் திறந்து, காத்திருப்பு நேரத்தைக் கூட்டி, 'ஆர்லாங்'கை மட்டும் முதலில் நிறுவினோம். பிறகு, பழைய பதிப்பில் நிற்கும் பொதிகளைப் பட்டியலிடும் 'ஓல்ட்.பெக்கேஜஸ்' காட்டிய மிச்சம் ஆறையும்.

வரைபடம் வந்தது. சிவப்புப் புள்ளிகள் முந்தைய அச்சுப்பிரதியில் இருந்த அதே கிணறுகளில்தானா என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். சரியாக இருந்தது. உடனே 'ஆர்என்வ்' நிறுவி, 'இனிட்', 'ஸ்னாப்ஷொட்'. பூட்டுக் கோப்பை ஆய்வின் மற்றக் கோப்புகளோடு பென்டிரைவில் ஏற்றினாள்.

"இனி எப்போது புதுப்பிக்கலாம், அக்கா?"

"சமர்ப்பித்த மறுநாள்."