வீட்டு எண்ணெய்த் தேய்ப்பா, மசாஜ் நிலையமா?

திருப்பூரில் நாளெல்லாம் தையல் மிசினில் குனிந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "ஏனுங்கக்கா, கழுத்து இறுகிக் கெடக்குது. கோயமுத்தூர் போய் ஆயுர்வேத மசாஜ் எடுக்கட்டுமா, வீட்டுலயே எண்ணெய் தேய்ச்சுக்கட்டுமா?"

செலவு
வீடு: செக்கு நல்லெண்ணெய், அரப்புத்தூள், வெந்நீர். அவ்வளவுதான்.
நிலையம்: ஒரு தடவைக்கே ஆயிரத்தைத் தாண்டலாம், பஸ் காசு தனி.

உடம்பு
வீடு: கால், கை, தலைக்குச் சரி. நம் கை நம் முதுகுக்கு எட்டாதே!
நிலையம்: தோள்பட்டை நடுவில் இறுகிய இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தப் பழகிய கை வேண்டும், அது இங்கேதான் கிடைக்கும். தசை இளகும், அன்றிரவு தூக்கமும் நன்றாக வரலாம். ஆனால் மறுபடி அதே மாதிரி குனிந்தால் சில நாளில் பழைய கதைதான்.

மனசு
இதில் என் ஓட்டு வீட்டுக்கே. சனிக்கிழமை காலை அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டும்போது பாதிக் கவலை கழன்றுவிடும். திட்டிக்கொண்டேதான் தேய்ப்பார், அது கணக்கில்லை. நிலையத்தில் அமைதி உண்டு. போன் தொல்லையும் இல்லை.

காய்ச்சல், எலும்பு முறிவு, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் என்றால் இரண்டும் வேண்டாம். கை மரத்துப்போனாலும் முதலில் டாக்டர்.

வார அலுப்புக்கு வீடு போதும். ஓய்வெடுத்தும் விடாத இறுக்கத்துக்கு நிலையம். அவளுக்கு இரண்டாவதைத்தான் சொன்னேன், கூடவே மணிக்கொரு தடவை எழுந்து கழுத்தை அசைக்கவும்.